முயல் சொல்லும் சாட்சியை அப்படியே நம்பலாமா?

டிஎன்ஏ சேதமானால் செல் பிரிவதை நிறுத்துவது, சேதம் முற்றினால் செல்லையே சாகடிப்பது: இதுதான் நம் உடலிலுள்ள பி53 புரதத்தின் வேலை. 1979-இல் கண்டறியப்பட்டபோது இது புற்றுநோயைத் தூண்டுவதாகவே கருதப்பட்டது. தடுக்கும் புரதம் என்று தெளிவானது 1989-இல்தான். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு பழுதாகியிருக்கிறது.

சரி, ஒரு செல்லில் பி53 இருக்கா, இல்லையானு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? இந்தப் புரதத்தையோ அதன் துண்டையோ முயலுக்கு ஊசியில் செலுத்துவார்கள். முயலின் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்கும். புரதத்தின் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் பலவகை ஆன்டிபாடிகளின் கலவை என்பதால் இதற்கு 'பாலிகுளோனல்' என்று பெயர். கொஞ்சூண்டு புரதம் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கலும் அங்கேதான். கலவை முயலுக்கு முயல் மாறும். அந்த முயல் இறந்தால் அதே சரக்கு திரும்பக் கிடைக்காது. சில ஆன்டிபாடிகள் வேறு புரதத்தையும் பிடித்துவிடும். அப்புறம் ஆய்வு முடிவே தப்பாகிவிடும். ஆன்டிபாடிகளை மரபணு வரிசை அறிந்து தயாரிக்க வேண்டும் என்று 2015-இல் 'நேச்சர்' இதழில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வலியுறுத்தியது இதனால்தான்.

அதுவரை? பி53 அறவே இல்லாத எச்1299 செல்களில் சோதித்துப் பார்க்கலாம். அங்கேயும் பி53 'தெரிந்தால்' அந்த ஆன்டிபாடி பொய் சொல்கிறது. இந்தச் சோதனையைக் காட்டாத கட்டுரையை எந்த ஆய்விதழும் ஏற்கக் கூடாது. லேபிளில் பி53 என்று எழுதியிருப்பது மட்டும் ஆதாரமாகாது.