நட்ட நாளின் கணக்கு போதாது

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் எஃகு வளைவு அமைப்பு சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டனர். பிழைப்புக்காக வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். குடும்பங்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. சரிவின் காரணத்தை விசாரணை சொல்லட்டும். ஆனால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை ஷெட்டுகளையும் கிரேன்களையும் நிலக்கரி கன்வேயர்களையும் தாங்கி நிற்கும் எஃகுத் தூண்களைக் கடைசியாக யார், எந்தக் கணக்கில் சரிபார்த்தார்கள் என்று கேட்க விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தூண் என்றதும் மேலிருந்து நேராக இறங்கும் பாரம்தான் நினைவுக்கு வரும். பட்டறைத் தூணுக்கு அந்த வசதி இல்லை. கிரேன் ஓடும் கேண்ட்ரி பீம் தூணின் பக்கத்தில் பொருத்திய பிராக்கெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 20 டன் பாரம் தூணின் நடு அச்சிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இறங்கினால், அழுத்தத்தோடு 8 டன்-மீட்டர் வளைவு விசையும் சேர்ந்துகொள்கிறது. அதன் மேல் காற்று. கட்டுமான விதி சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்.

தனித்தனியே கணக்கிட்டால் ஆபத்து கண்ணில் படாது. அழுத்தத்துக்குத் தூணின் திறனில் 60 சதவீதம், வளைவுக்கு 60 சதவீதம் செலவாகிறது என்றால் இரண்டு தாளிலும் தூண் தேறிவிடும். ஆனால் அது இரண்டையும் ஒரே நேரத்தில் சுமக்கிறது. எளிய கூட்டலிலேயே 120 ஆகிவிடுகிறது. வளைந்த தூணை மேற்சுமை மேலும் வளைக்கும். தூண் நெளிந்து சாயும் எல்லைச் சுமையில் பாதியைத் தொட்டாலே வளைவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால்தான் எஃகுக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800 விதியின் 2007 பதிப்பு, இரு விசைகளையும் சேர்த்து, வெட்டுமுகத்தின் வலிமைக்கு ஒன்றும் முழுத் தூணின் நெளிவுக்கு ஒன்றுமாக இரண்டு சோதனைகளைக் கேட்கிறது.

வரைபடத்தில் தேறிய தூண் அப்படியே இருப்பதும் இல்லை. உப்புக் காற்றில் 10 மில்லிமீட்டர் தகடு இருபுறமும் தலா ஒரு மில்லிமீட்டர் அரித்துப்போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே தெரியாது. லாரி உள்ளே வர இடைஞ்சல் என்று குறுக்கு ஆங்கிளை கேஸ் கட்டரால் அறுக்கிறார்கள். தூணைப் பிடித்திருந்த நடுத் தாங்கல் போனால் தாங்கலற்ற நீளம் இரண்டு மடங்காகும். ஒல்லியான தூணின் நெளிவுத் தாங்குதிறன் கால் பங்காகச் சரியும். கிரேனை மாற்றிப் பெரிதாக்கும்போது பழைய தூணையும் யாராவது மறுபடி கணக்கிட வேண்டாமா?

'பாதுகாப்புக் காரணி சேர்த்துத்தானே கட்டியிருக்கிறோம்' என்பார்கள். அந்தக் காரணி பாரத்திலும் பொருளிலும் வரக்கூடிய ஏற்ற இறக்கத்துக்கானது. கணக்கில் எடுக்காமலே விட்ட விசைக்கு அது ஈடாகாது. சிறு பட்டறைக்காரர்களுக்குச் செலவு கட்டுப்படியாகாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்கு வழி, சோதனையை விடுவதல்ல. செலவை அரசு பகிர்வது. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. திறமைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை.

மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபின் எத்தனையோ வாக்குறுதிகளைக் கேட்டோம். அது கான்கிரீட். எஃகுக்கும் அதே பாடம்தான்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இனி, கணக்குத்தாள் இணைக்காத கட்டட உறுதிச் சான்றிதழை ஏற்கக் கூடாது. அந்தத் தாளில் இன்று அளந்த தகட்டின் தடிமன் இருக்க வேண்டும். அழுத்தமும் வளைவும் சேர்ந்த சோதனை இருக்க வேண்டும். கணக்குப் போட்ட பொறியாளரின் கையொப்பமும் இருக்க வேண்டும். சாரம் போன்ற தற்காலிக அமைப்புகளுக்கு, ஒப்பந்ததாரரைச் சாராத இன்னொரு பொறியாளர் சரிபார்த்த பிறகே ஆட்களை மேலே ஏற்ற அனுமதிக்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் கடலோர ஆலைகளிலிருந்து இதைத் தொடங்க அரசு ஆணையிட வேண்டும்.