வலி மாத்திரையின் கணக்கை யார் எழுதுவது?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பட்டியலில் முட்டிவலியையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ராத்திரி திரும்பிப் படுக்க முடியாது. காலையில் எழுந்து கால் ஊன்ற முடியாது. நாலு படி ஏறினால் உயிர் போய் உயிர் வரும். அந்த நேரத்தில் ஒரு சின்ன மாத்திரை வலியைக் குறைக்கிறது என்றால், அதைக் கண்டுபிடித்தவரைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும்.

எனவே இது வலி மாத்திரைகளைத் திட்டுவதற்காக எழுதப்பட்ட கட்டுரை அல்ல. அவை செய்யும் நன்மை அரை மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. ஆனால் அவை செய்யும் கெடுதலை யார் எண்ணுகிறார்கள்? அதுதான் கேள்வி.

தமிழ்நாட்டின் எந்த ஊர் மருந்துக்கடையிலும் சாயங்கால நேரத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வருவார். "தம்பி, முட்டி வலிக்கு மாத்திரை குடுப்பா" என்பார். கடைக்காரர் அட்டையில் இருந்து ஆறு மாத்திரைகளைக் கத்தரித்து, ஒரு காகித உறையில் போட்டுக் கொடுப்பார். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டுட்டுப் போடுங்கம்மா". அவ்வளவுதான். பில் கிடையாது. கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். அந்த அம்மாவுக்கு இதய நோய் உண்டா, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா, வயிற்றில் புண் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து அவருக்கு மாரடைப்பு வந்தால், "வயசாயிடுச்சு" என்பார்கள். அந்த ஆறு மாத்திரைகளை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதில் என்ன பெரிய தவறு என்று தோன்றலாம். அதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலியும் வயிறும்

உடம்பில் எங்கேயாவது அடிபட்டாலோ, மூட்டில் அழற்சி ஏற்பட்டாலோ அந்த இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருட்கள் உருவாகின்றன. வீக்கம், சூடு, வலி எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆஸ்பிரின் 1897-லேயே ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் தயாரிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது 1971-ல்தான் விளங்கியது. புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே அது தடுக்கிறது என்று இங்கிலாந்தின் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-ல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சென் எல்லாம் இதே வழியில் செல்லும் மருந்துகள்தான்.

சிக்கல் என்னவென்றால், அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்தில் இருந்து காப்பாற்றுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் அது கவனித்துக்கொள்கிறது. ஆக, வலியை நிறுத்தப் போய் வயிற்றின் காவலையும் சேர்த்து நிறுத்திவிடுகிறோம். வருடக்கணக்கில் மாத்திரை போட்ட மூட்டுவாத நோயாளிகள் பலருக்கு வயிற்றில் புண் வந்தது. சிலருக்கு ரத்தக்கசிவே ஏற்பட்டது.

1990-களின் தொடக்கத்தில் ஒரு நல்ல செய்தி வந்தது. புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் நொதி ஒன்றல்ல, இரண்டு! காக்ஸ்-1 பெரும்பாலும் வயிற்றைக் காக்கிறது. காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சியின் போது தலைகாட்டுகிறது. அப்படியானால் இரண்டாவதை மட்டும் தடுத்தால் வலியும் போகும், வயிறும் தப்பிக்கும் அல்லவா? அருமையான யோசனை. அதில் இருந்து பிறந்ததுதான் ரோஃபெகாக்ஸிப். மெர்க் நிறுவனம் வையாக்ஸ் என்ற பெயரில் 1999 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வையாக்ஸ் கதை

2000 நவம்பரில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. முடக்குவாத நோயாளிகள் 8,076 பேர் அதில் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு வையாக்ஸ், பாதிப் பேருக்கு நாப்ராக்சென். எதிர்பார்த்தபடியே வையாக்ஸ் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுக் கோளாறுகள் பாதியாகக் குறைந்திருந்தன. இது பொய் அல்ல. அந்த மருந்தின் நன்மை உண்மையானது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. மாரடைப்பு வந்தவர்கள் நாப்ராக்சென் பக்கம் 0.1 சதவீதம், வையாக்ஸ் பக்கம் 0.4 சதவீதம். நான்கு மடங்கு! "வையாக்ஸ் இதயத்தைக் கெடுக்கவில்லை, நாப்ராக்சென் இதயத்தைக் காப்பாற்றியிருக்கிறது" என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. விற்பனை தொடர்ந்தது. அந்தக் கட்டுரையில் மூன்று மாரடைப்புகள் சேர்க்கப்படாமல் விடுபட்டிருந்தன என்பதும், அவை பிரசுரத்துக்கு மாதங்கள் முன்பே ஆசிரியர்களில் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருந்தன என்பதும் பிறகு தெரியவந்தது. கட்டுரையை வெளியிட்ட நியூ இங்கிலாந்து மருத்துவ இதழே 2005 டிசம்பரில் இதை அறிவித்தது.

2003-ல் வையாக்ஸ் விற்பனை 250 கோடி டாலர். 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் கிடைத்தது. பெருங்குடல் கட்டிகளைத் தடுக்குமா என்று பார்ப்பதற்காக நடந்த இன்னொரு ஆய்வில்தான் குட்டு வெளிப்பட்டது. இந்த முறை ஒப்பீட்டுக்கு நாப்ராக்சென் இல்லை, வெறும் போலி மாத்திரை. ஆகவே பழைய விளக்கத்தைச் சொல்ல வழியில்லை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை போலி மாத்திரை எடுத்தவர்களில் 26 பேருக்கு, வையாக்ஸ் எடுத்தவர்களில் 46 பேருக்கு வந்திருந்தன. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் நிறுவனமே மருந்தைத் திரும்பப் பெற்றது. அந்த டிசம்பரில் இந்தியாவும் ரோஃபெகாக்ஸிப்பைத் தடை செய்தது. 2007-ல் வழக்குகளை முடிக்க 485 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இதில் மிகவும் வேதனையான பகுதி எது தெரியுமா? சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதுவரை நடந்திருந்த எல்லா ஆய்வுகளின் எண்களையும் தேதி வரிசைப்படி ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். மாரடைப்பு ஆபத்து 2000-ஆம் ஆண்டு இறுதியிலேயே தெளிவாகிவிட்டது என்று 2004 டிசம்பரில் லான்செட் இதழில் எழுதினார்கள். எண்கள் இருந்தன. கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. நடுவில் போனது ஏறத்தாழ நான்கு வருடங்கள்.

ஆயிரத்தில் மூன்று

"அதுதான் தடை செய்தாகிவிட்டதே, இப்போது என்ன?" என்று கேட்கலாம். 2013-ல் லான்செட் இதழில் இன்னொரு பெரிய கணக்கு வந்தது. வலி மருந்துகள் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அதிக அளவில் தினமும் சாப்பிட்டால் டைக்ளோஃபினாக்கும் வையாக்ஸ் வகை மருந்துகளைப் போலவே மாரடைப்பு, பக்கவாத ஆபத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூட்டுகிறது என்று தெரிந்தது. ஆமாம், மருந்துக்கடையில் கத்தரித்துக் கொடுக்கப்படும் அதே டைக்ளோஃபினாக்தான். ஏற்கெனவே ஓரளவு இதய ஆபத்து உள்ள 1,000 பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் கூடுதலாக 3 பேருக்குப் பெரிய பாதிப்பு வரும். அதில் ஒருவர் இறப்பார். 2013-லேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதய நோயாளிகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்றது. 2015 ஜனவரியில் பிரிட்டன், சீட்டு இல்லாமல் டைக்ளோஃபினாக் மாத்திரை விற்பதை நிறுத்தியது. இந்தியாவிலும் சட்டப்படி அது டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து. சட்டப்படி!

ஆயிரத்தில் மூன்று என்பது சின்ன எண்தான். வலியில் துடிக்கிறவர் அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம், அது அவர் உரிமை. ஆனால் அந்த எண்ணின் குணத்தைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு அனுபவமுள்ள டாக்டராக இருந்தாலும், எவ்வளவு நல்ல கடைக்காரராக இருந்தாலும், ஆயிரத்தில் மூன்றை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. "இருபது வருஷமா குடுக்கறேன், யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனவர்கள் திரும்பி வந்து அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த ஆபத்தை எண்ணினால் மட்டுமே பார்க்க முடியும்.

கழுகுக்கு இருந்த கணக்கு

இதே டைக்ளோஃபினாக் பற்றி இந்தியாவில் ஒரு கணக்கு ஒழுங்காக எடுக்கப்பட்டது. மனிதர்களுக்கு அல்ல, கழுகுகளுக்கு! ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் குறைந்து வருவதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் எண்ணிப் பதிவு செய்து 1990-களின் இறுதியில் எச்சரித்தார். காரணம் 2004-ல் தெரிந்தது. வலிக்காக மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடப்படுகிறது. அந்த மாடு செத்தால் இறைச்சியில் மருந்து இருக்கிறது. அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, சில நாட்களில் இறந்துபோகிறது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்த வெண்முதுகுக் கழுகுகளில், 2007-ல் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. 2006-ல் மாடுகளுக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான ஊசி மருந்து பெரிய பாட்டில்களில் வந்து மாட்டுக்குப் போகிறது என்று தெரிந்ததும், 2015-ல் அதையும் ஒரு வேளைக்கான சின்னக் குப்பியாகக் குறைத்தார்கள்.

தடை தாமதமாக வந்தது, அது வேறு விஷயம். ஆனால் யாரோ ஒருவர் மரத்தில் இருந்த கூடுகளை எண்ணி நோட்டில் எழுதினார் என்பதால்தான் தடை என்ற பேச்சே வந்தது. மருந்துக்கடைக்கு வந்த அந்த அம்மாவை யாரும் எண்ணவில்லை.

ஏழைக்கு என்ன வழி?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. டாக்டரைப் பார்க்கப் போனால் ஒரு நாள் கூலி போகும், ஃபீஸ் தனி. அரசு மருத்துவமனையில் காலை முழுவதும் வரிசையில் நிற்க வேண்டும், நிற்கத்தான் முட்டி ஒத்துழைக்காதே! இந்த நிலையில் கடைக்காரரையும் தடுத்தால் அந்த அம்மா வலியோடு கிடக்க வேண்டியதுதானா?

கூடாது. "சீட்டு இல்லாமல் விற்காதே" என்று மட்டும் சொல்வது வசதியுள்ளவர்களின் அறிவுரை. அது நடக்கும் வரை, நாளையே செய்யக்கூடிய சின்ன விஷயங்கள் இருக்கின்றன. மருந்தின் முழுப் பெயரை எழுதி பில் கொடுக்கலாம். கத்தரிக்கும்போது பெயர் இருக்கும் பக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். "நெஞ்சு நோய், கிட்னி கோளாறு, வயித்துப்புண் ஏதாவது இருக்காம்மா? வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்க அரை நிமிடம் போதும். முட்டிக்கு மட்டும் வலி என்றால் மேலே தடவும் ஜெல்லை முதலில் சொல்லலாம். அதில் ரத்தத்துக்குப் போகும் மருந்து மிகக் குறைவு. காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரம் மடங்காமல் விறைத்து வீங்கியிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வலி மாத்திரை போதாது. வலி அடங்கினாலும் உள்ளே மூட்டு அரித்துக்கொண்டே இருக்கும். எப்படியாவது டாக்டரிடம் அனுப்பத்தான் வேண்டும்.

அப்புறம், கணக்கு. இந்தியாவில் மருந்துகளின் பக்க விளைவுகளைப் பதிவு செய்ய 2010-ல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை; நோயாளியும், அவர் வீட்டாரும் சொல்லலாம். 1800 180 3024 என்ற எண்ணுக்குக் கட்டணமும் இல்லை. இது வெறும் பேருக்கு இருக்கும் திட்டமும் அல்ல. மாதவிடாய் வலிக்கு மாணவிகள் சர்வ சாதாரணமாகப் போடுகிற மெஃபெனமிக் அமிலம், அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான தோல் தடிப்பும் உள்ளுறுப்புப் பாதிப்பும் உண்டாக்கலாம் என்று 2023 டிசம்பரில் அந்த ஆணையம் எச்சரித்தது. வந்து சேர்ந்த புகார்களைக் கூட்டிப் பார்த்ததால் கிடைத்த எச்சரிக்கை அது. யாரோ சிலர் சோம்பல் படாமல் எழுதிப் போட்டிருக்கிறார்கள்!

ஆனால் எழுதிப் போட முதலில் மருந்தின் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரியாத ஆறு மாத்திரைகளைப் பற்றி யாரும் எந்தப் புகாரும் கொடுக்க முடியாது. வையாக்ஸ் விஷயத்தில் எண்கள் இருந்தும் யாரும் கூட்டவில்லை. உள்ளூர்க் கடையில் கூட்டுவதற்கு எண்ணே இல்லை. இரண்டாவது நிலைமைதான் மோசமானது.

படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைத் தொடங்குவது கஷ்டமே இல்லை. பாட்டி போடுகிற மாத்திரைகளின் பெயரையும், எந்தத் தேதியில் இருந்து போடுகிறார் என்பதையும் ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்தால் போதும். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டும் கூடப் போகட்டும். அடுத்த முறை கடையில் மாத்திரை வாங்கும்போது, "இதோட பேர் என்னண்ணே? பில்லுல எழுதிக் குடுங்க" என்று கேட்கட்டும்.