கத்தி பட்டது தெரியக் கூடாது

‘மை ஐடி இஸ் கங்னம் பியூட்டி’ என்ற கொரியத் தொடர் 2018-இல் வந்தது. நடிகர் சா உன்-வூவின் முகத்துக்காகவே அதை ராத்திரி கண்விழித்துப் பார்த்தவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் முகத்தைச் சொல்லிச் சொல்லிக் கேலிக்கு ஆளான காங் மி-ரே, கல்லூரியில் சேருமுன் அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறாள். கேலி நிற்கவில்லை. பெயர்தான் மாறுகிறது: ‘கங்னம் பியூட்டி’. சியோலின் கங்னம் பகுதி ஒப்பனை அறுவைக் கூடங்களுக்குப் பேர்போனது. ‘அங்கே போய்ச் செய்துகொண்ட முகம்’ என்பது அந்த ஏச்சின் பொருள். அவளுக்கு எதிரே வகுப்பின் செல்லப்பிள்ளையாக நிற்கிறாள் ஓர் ‘இயற்கை அழகி’. உடம்பு ஏறிவிடக் கூடாதென்று அவள் தின்றதை வாந்தியெடுப்பதைத் தொடர் பின்னால்தான் காட்டுகிறது.

அழகில்லாவிட்டால் ஒரு கேலி, அழகைச் செய்துகொண்டால் இன்னொரு கேலி. இரண்டு கேலிக்கும் நடுவே உள்ள சந்தில்தான் ‘இயற்கையாகத் தெரியும்’ இமை, ‘இயற்கையாகத் தெரியும்’ மூக்கு என்ற வியாபாரம் கடை விரித்திருக்கிறது. மருத்துவர்கள் இதை இனத்தின் முகச்சாயலுக்குக் காட்டும் மரியாதை என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மை.

வேலை என்னவோ நுணுக்கமானதுதான். இமையைத் தூக்கும் தசையிலிருந்து வரும் நார்கள் தோலோடு பிணைந்திருந்தால், கண் திறக்கும்போது தோல் உள்வாங்கி ஒரு மடிப்பு விழுகிறது. கிழக்காசியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்தப் பிணைப்பு இல்லை, அல்லது மெலிவாக இருக்கிறது. இமைக்குள் இருக்கும் கொழுப்பும் சற்றுக் கீழே இறங்கி நிற்கிறது. மடிப்பை உண்டாக்க இரண்டு வழிகள் உள்ளன. கீறாமல் நூலை உள்ளே செலுத்தித் தோலையும் தசையையும் சில இடங்களில் முடிந்துவிடலாம். வீக்கம் சீக்கிரம் வடியும், முடிச்சு தளர்ந்தால் மடிப்பும் போய்விடும். அல்லது கீறி, மிகையான தோலையும் கொழுப்பையும் எடுத்துவிட்டுத் தைக்கலாம். அது நிலைக்கும், தழும்பும் கூடவே வரும். மயக்கம் முழுதாகக் கொடுப்பதில்லை. நடுவில் கண்ணைத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

மடிப்பு இமைமயிரிலிருந்து 6 முதல் 8 மில்லிமீட்டர் உயரத்தில் விழுந்தால் பிறவியிலேயே அப்படித்தான் என்று தோன்றும். இன்னும் இரண்டு மில்லிமீட்டர் ஏறினால் போதும், இமை உப்பி, எந்நேரமும் இப்போதுதான் அழுது முடித்தவர் போல ஆகிவிடும்.

மூக்கின் கதை வேறு. மேற்கே மூக்கு அறுவை என்றால் பெரும்பாலும் கூனைச் செதுக்கிக் குறைப்பது. கிழக்காசியாவில் தண்டைத் தூக்க வேண்டும். தோல் தடிப்பு, நுனியைத் தாங்கும் குருத்தெலும்போ மெலிசு. ‘பிளாஸ்டிக் சர்ஜரி’ என்றால் முகத்துக்குள் பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பது என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். வடித்தெடுத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது என்று யாரோ சொல்லித் திருத்தினார்கள். ஆனால் இந்த மூக்கு விஷயத்தில் என் பிள்ளைப்புத்தி அவ்வளவு தப்பில்லை. தண்டுக்குள் வைப்பது சிலிகான். நுனிவரை வளைந்து வரும் சிலிகான் துண்டு, வருடக்கணக்கில் நுனித்தோலை உள்ளிருந்து அழுத்தும். தோல் சிவந்து, மெலிந்து, ஒருநாள் துண்டு வெளியே எட்டிப் பார்க்கவும் கூடும். அதனால்தான் தண்டுக்கு மட்டும் சிலிகான், நுனிக்கு நோயாளியின் சொந்தக் காது மடலிலிருந்தோ மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ எடுத்த குருத்தெலும்பு என்று பல மருத்துவர்கள் மாறினார்கள். கெட்டுப்போன மூக்கைத் திருத்தப் போனால் அந்தச் சின்னத் துண்டுகள் போதாது, விலாவிலிருந்து எடுக்க வேண்டும். கத்தியே வேண்டாம், ஊசியில் நிரப்பிவிடலாம் என்பார்கள். அந்த மருந்து தவறிப்போய் ரத்தக்குழாயில் இறங்கினால் கண் பார்வையே போகலாம்.

கொரியாவில் விளையாட்டாக ஒரு சோதனை உண்டு. மூக்கு நுனியை விரலால் மேலே தள்ளிப் ‘பன்றி மூக்கு’ செய்துகாட்டச் சொல்வார்கள். வளைந்தால் சொந்த மூக்கு. ‘இயற்கை’ என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் போலீஸ் வேலை பார்க்கிறார்கள் பாருங்கள்.

இதையெல்லாம் ‘வெள்ளைக்காரர் மாதிரி ஆக ஆசை’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. 1954-இல் அமெரிக்கப் படையோடு கொரியா வந்த மருத்துவர் டேவிட் ரால்ஃப் மில்லார்டிடம் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்தார். தன் கண்ணைப் பார்த்து அமெரிக்கர்கள் தன்னை நம்ப மறுக்கிறார்கள், அதை மாற்றித் தாருங்கள் என்றார். மில்லார்ட் மாற்றித் தந்து, அதைப் பற்றி எழுதவும் செய்தார். (உதட்டுப் பிளவைச் சீராக்க உலகம் முழுக்க இன்று பெரிதும் கையாளப்படும் முறையை வகுத்தவரும் இவரே.) அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஜூலி சென் 2013-இல் ஒரு கதை சொன்னார். ஒஹாயோவில் இளம் செய்தியாளராக இருந்தபோது, உன் கண்கள் ஆர்வமில்லாதவை போல் தெரிகின்றன, செய்தி வாசிக்க உன்னை உட்கார வைக்க முடியாது என்றாராம் மேலதிகாரி. அதன் பிறகே அவர் இமையில் கத்தி வைத்துக்கொண்டார்.

ஆனால் மில்லார்டுக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1896-இல், ஜப்பானில் மிகாமோ என்ற மருத்துவர் இந்த அறுவையைப் பதிவு செய்துவிட்டார். அவரிடம் வந்த பெண்ணுக்கு ஒரு கண்ணில் மடிப்பு இருந்தது, மறு கண்ணில் இல்லை. அவள் கேட்டது வெள்ளைக்காரியின் கண்ணை அல்ல, தன் இன்னொரு கண்ணைத்தான். மடிப்போடு பிறக்கும் கிழக்காசியர் இத்தனை பேர் இருக்கையில், எல்லா ஆசையையும் மேற்கின் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த விளக்கத்திலும் மேற்கு தன்னையே நடுவில் உட்காரவைத்துப் பார்க்கிறது.

இன்றைய கண்ணாடி பக்கத்து மேசையில் இருக்கிறது. 2015-இல் கேலப் கொரியா எடுத்த கணிப்பில், இருபதுகளில் உள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஒப்பனை அறுவை செய்துகொண்டதாகச் சொன்னார். நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடிந்ததும், தேர்வுச் சீட்டைக் காட்டினால் தள்ளுபடி என்று அறுவைக் கூடங்கள் அழைக்கின்றன. பெற்றோரே பரிசாகச் செய்துவைப்பதும் உண்டு.

‘இயற்கை’யின் மீது என் சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது. பழைய பாணியின் ஆழமான, உயர்ந்த மடிப்பு அசிங்கமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது ‘நான் செய்தது’ என்று ஒப்புக்கொண்டது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் தங்கள் முகத்தோடு அதை ஒப்பிடவில்லை. கத்தி பட்டதே தெரியாத முகம் அப்படியல்ல. அது பிறவி முகங்களின் வரிசையில் சத்தமில்லாமல் போய் நின்றுகொள்கிறது. சாதாரணம் என்பதன் அளவுகோல் யாரும் அறியாமல் ஓர் அங்குலம் உயர்கிறது. மருத்துவரின் கை எவ்வளவு தேர்ந்ததோ, அவ்வளவுக்கு அடுத்தவள் மீது அழுத்தம். இதற்காக அறுவை செய்துகொண்ட பெண்ணைத் திட்டுவது, காங் மி-ரேயின் வகுப்புத் தோழர்கள் செய்த வேலை.

தென்கொரிய அரசு செய்தவற்றில் சில உருப்படியானவை. தாடை அறுவைக்குப் போன கல்லூரி மாணவர் ஒருவர் 2016-இல் ரத்தப்போக்கால் இறந்தார். ஒரே நேரத்தில் பல அறுவைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் பாதியில் வேறு அறைக்குப் போய்விட்டதை கேமரா பதிவு காட்டியது. பேசி ஒப்புக்கொண்ட மருத்துவர் ஒருவர், நோயாளி மயங்கியபின் அறுப்பவர் வேறொருவர் என்பதற்கு அங்கே ‘பேய் அறுவை’ என்றே பெயர் இருந்தது. மாணவரின் தாய் பல ஆண்டுகள் ஓயாமல் போராடினார். நோயாளி கேட்டால் அறுவை அரங்கில் கேமரா ஓட வேண்டும் என்ற சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சியோல் மெட்ரோ தன் நிலையங்களிலிருந்து ஒப்பனை அறுவை விளம்பரங்களைப் படிப்படியாக அகற்றுவதாக 2017-இல் அறிவித்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரியதாக எனக்குப் படுவது, அதே 2017-இல் அரசுத் துறை வேலை விண்ணப்பங்களிலிருந்து புகைப்படத்தை எடுத்ததுதான். முகத்தைப் பார்க்காமல் ஆளைத் தேர்ந்தெடு என்றது அரசு. ஒரு பெண்ணைக் கத்தியிடம் அனுப்பும் காரணங்களில் ஒன்றையாவது அது நேராகத் தொட்டது.

தனியார் நிறுவனங்கள் பல இன்னும் படம் கேட்கின்றன. வேலை விண்ணப்பப் படம் எடுப்பதற்கென்றே சியோலில் ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. கோட்டு இல்லாதவருக்குக் கோட்டும் தருகிறார்கள். கணினியில் கண்ணையும் தாடையையும் கொஞ்சம் திருத்திக் கொடுப்பதும் அந்தக் கட்டணத்திலேயே சேர்ந்துவிடுகிறது.