விதைக்குதிரும் விளைநிலமும்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மேட்டு நிலங்களில் கேழ்வரகு பயிரிடும் உழவர், நல்ல கதிர்களைத் தேர்ந்தெடுத்து விதைக்கெனத் தனியே சேமித்து வைப்பர். வீட்டில் தானியம் குறைந்து வருந்தும் காலத்தும் அவ்விதையில் கை வைக்க அவர் மனம் ஒருப்படாது. அவ்விதை உண்பதற்கு உரியது அன்று. மழை பெய்த பின்னர் மண்ணுக்குத் திரும்ப வேண்டியது. விதையைக் காக்கும் குதிர் எத்துணைச் சிறந்ததாயினும், விதைப்பதற்கு நிலம் இல்லையேல் அதனால் விளையும் பயன் யாது? விலங்குக் காட்சிசாலைகளின் பயனை ஆராயும்போது இவ்வுவமையை நாம் நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும்.

ஒசூர், தளி, தேன்கனிக்கோட்டை முதலிய ஊர்களுக்கு அண்மையில், கர்நாடக எல்லைக்குள் பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா அமைந்துள்ளது. அங்குச் செல்வோர் புலியையும் சிங்கத்தையும் கரடியையும் கண்டு வியக்கின்றனர். நம் மாநிலத்திலோ காட்சிசாலைக்கு நெடிய வரலாறு உண்டு. 1855 ஆம் ஆண்டில் எட்வர்டு பால்பர் என்னும் அறிஞர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் விலங்குகளைச் சேர்த்து வைத்துக் காட்சிசாலையைத் தொடங்கினார். அது பல மாற்றங்களைக் கண்டு, 1985 ஆம் ஆண்டில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக மலர்ந்தது. குறுகிய இரும்புக் கூண்டுகள் மறைந்து, மரமும் அகழியும் சூழ்ந்த திறந்த வெளிகள் தோன்றின.

எனினும் ஒரு வினா இன்றும் எஞ்சி நிற்கின்றது. காட்சிசாலை விலங்குகளுக்குச் சிறையா, காவலா? அதனைச் சிறை என்பாரும் உளர். காவல் என்பாரும் உளர். இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஓர் உயிரை அதன் இடத்தினின்று பிரித்து, மக்கள் கண்டு களிப்பதற்கு மட்டும் வைத்திருப்பின் அது சிறையே. அவ்வுயிரின் குலம் அழியாவண்ணம் பேணி, உரிய காலத்தில் அதனை அதன் நிலத்திற்கே திருப்பி அனுப்பக் கருதின் அது காவலாகும். ஆகவே ஒரு காட்சிசாலையின் பெருமையை அதன் உள்ளே இருக்கும் விலங்குகளின் தொகையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. அதனினின்று வெளியேறிக் காட்டில் வாழ்பவை எத்தனை என்று கேட்டல் வேண்டும்.

இக்கருத்திற்குச் சிறந்த சான்று பாலைவனத்தில் உள்ளது. அரேபியப் பாலையில் ஓரிக்ஸ் என்னும் வெண்ணிற விலங்கு ஒன்று வாழ்கின்றது. மானைப் போன்ற உருவமும், நீண்டு கூரிய இரு கொம்புகளும் உடையது அது. அதன் வெண்மயிர் வெயிலின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். நீர் கிட்டாத நெடுநாட்களில், தான் மேயும் செடியின் ஈரத்தையும் அதன்மேற் படியும் பனியையும் கொண்டே அது உயிர் வாழும். இத்துணை வலிமை உடைய விலங்கு வெயிலுக்குத் தோற்கவில்லை, மனிதனுக்குத் தோற்றது. மறைந்துகொள்ள மரமும் மலையும் இல்லாத வெளியில், விரையும் ஊர்தியிலிருந்து துப்பாக்கி கொண்டு சுடுவோரிடமிருந்து அது எங்ஙனம் தப்பும்?

அதன் குலம் அருகிவருவதைக் கண்ட இங்கிலாந்து நாட்டு விலங்குப் பாதுகாப்புக் கழகம் ஒன்று, 1962 ஆம் ஆண்டில் அரேபியாவின் தென்பகுதிக்கு ஒரு குழுவை அனுப்பியது. அங்குப் பிடிக்கப்பட்டவற்றுள் மூன்று பிழைத்தன. அவற்றுடன் லண்டன் விலங்குக் காட்சிசாலை ஒன்றையும், குவைத்து ஒன்றையும், சவுதி அரேபியா நான்கையும் அளித்து உதவின. இவ்வாறு சேர்ந்த ஒன்பது விலங்குகளும் அமெரிக்க நாட்டு அரிசோனாவில் உள்ள பீனிக்ஸ் காட்சிசாலையில் பேணப்பட்டன. அரிசோனாவும் வெயில் மிக்க பாலை நிலமே. ஆதலின் அவ்விடத்துத் தட்பவெப்பம் அவற்றிற்கு ஒத்துவந்தது. பல நாடுகள் கூடிப் பேணிய அம்மந்தைக்கு 'உலக மந்தை' என்பது பெயராயிற்று.

இனத்தைப் பெருக்குதல் எளிய செயல் அன்று. ஒன்பதே விலங்குகளின் வழித்தோன்றல்கள் தம்முள் கூடிக்கொண்டே வரின், நெருங்கிய இரத்த உறவினால் குலம் நலிவுறும். ஆகவே எந்தக் கன்று எந்தத் தாய் தந்தையருக்குப் பிறந்தது என்பதனைக் காட்சிசாலையார் பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அப்பதிவேட்டைக் கொண்டே, எதனோடு எதனைச் சேர்த்தல் தகும் என்று முடிவு செய்வர். நோயுற்றதைப் பிரித்து வைத்தலும், பிற காட்சிசாலைகளோடு விலங்குகளை மாற்றிக்கொள்ளுதலும் இப்பணியின் கூறுகளாம். வேலிக்கு வெளியே நின்று காண்போர் கண்ணுக்கு இவை புலனாவதில்லை. ஆயினும் காட்சிசாலையின் உயிர்நாடி இவையே எனலாம்.

1972 ஆம் ஆண்டில், காட்டில் எஞ்சியிருந்த இறுதி ஓரிக்ஸ் விலங்குகளும் ஓமான் நாட்டில் கொல்லப்பட்டன. ஆனால் குலம் அழியவில்லை. காட்சிசாலைகளில் அது தழைத்திருந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1982 ஆம் ஆண்டில், அவ்வழி வந்த சிறு மந்தை ஒன்று அதே ஓமானின் பாலைவெளியில் விடப்பட்டது. உடனே திறந்துவிடாமல், பெரிய வேலிக்குள் வைத்து, ஒரு மந்தையாகக் கூடி வாழப் பழக்கிய பின்னரே அவற்றை வெளியே அனுப்பினர். அவ்விடத்தில் வாழும் ஹராசீசு குலத்தாரையே காவலராக அமர்த்தினர். உலகில் இருந்தே மறைய வேண்டிய ஓர் உயிர் மீண்டும் தன் மண்ணை மிதித்தது. காட்சிசாலை சிறை அன்று, காவலே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. 1996 ஆம் ஆண்டளவில் ஓமானின் காப்பிடத்தில் ஏறத்தாழ 450 ஓரிக்ஸ் விலங்குகள் இருந்தன. பின்னர்த் திருட்டு வேட்டையும் வாழிடச் சீர்கேடும் சேர்ந்து, அத்தொகையை 65 ஆகக் குறைத்துவிட்டன. எண்ணெய் வளம் தேடும் பொருட்டுக் காப்பிடத்தின் பரப்பும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டது. 1994 ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரிய இடமாகச் சிறப்பிக்கப்பட்ட அக்காப்பிடம், 2007 ஆம் ஆண்டில் அப்பட்டியலினின்று நீக்கப்பட்டது. அவ்வாறு நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே. அண்டை நாடுகளிலும் ஓரிக்ஸ் விடப்பட்டிருந்தமையால் அவ்வினம் பிழைத்தது. 2011 ஆம் ஆண்டில் காட்டில் வாழ்வனவற்றின் தொகை ஆயிரத்தைக் கடந்திருந்தது. எனினும் ஓமான் தரும் பாடம் தெளிவானது. குதிர் தன் கடமையைச் செய்தது, நிலம் பறிபோயிற்று.

நம் நாட்டிலும் இத்தகைய போராட்டம் இன்று நடந்துவருகின்றது. கானமயில் என்னும் பெரும்பறவை இராசத்தானத்துத் தார்ப் பாலைவனத்தில் வாழ்கின்றது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள அப்பறவை, முற்காலத்தில் இந்தியாவின் வறண்ட புல்வெளிகள் பலவற்றில் உலவியது, தமிழகத்திலும் இருந்தது. இன்று நம் மாநிலத்தில் அஃது இல்லை. காட்டில் எஞ்சியிருப்பவை 150 க்கும் குறைவு என மதிப்பிட்டுள்ளனர். பொதுவாக ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை அது. ஆகவே இழந்த தொகையை விரைவில் ஈடு செய்ய அதனால் இயலாது.

இதனை உணர்ந்த இந்தியக் காட்டுயிர் நிறுவனமும் இராசத்தான் வனத்துறையும் இணைந்து, சைசல்மேர் மாவட்டத்துச் சாம் என்னும் ஊரில் இனப்பெருக்க நிலையம் ஒன்றை நிறுவின. 2019 ஆம் ஆண்டில் காட்டில் கிடைத்த முட்டைகளைக் கொணர்ந்து, பொறியில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து, கையால் ஊட்டி வளர்த்தனர். 2024 ஆம் ஆண்டில் செயற்கைக் கருவூட்டல் முறையிலும் ஒரு குஞ்சு தோன்றியது. இது மக்கள் கண்டு களிக்கும் காட்சிசாலை அன்று. ஆயினும் காட்சிசாலைகள் பல்லாண்டுகள் பயின்ற கலையே இங்கும் கைகொடுக்கின்றது.

ஆனால் இங்கும் நிலத்தைப் பற்றிய வினா எழுகின்றது. கானமயிலின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. நேர் எதிரே தொங்கும் மின்கம்பிகளை அது காண்பது அரிது. கனத்த உடல் ஆதலால் விரைந்து விலகவும் இயலாது. வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுப்பது நாட்டிற்கு நன்மை தரும் தொழிலே. ஆனால் அம்மின்சாரத்தைச் சுமக்கும் கம்பிகளே இப்பறவைக்கு எமனாகின்றன. கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு 2021 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2024 ஆம் ஆண்டில் அவ்வாணையைத் தளர்த்தி, வல்லுநர் குழுவை ஆராயச் செய்தது. நிலையத்தில் வளரும் குஞ்சுகள் ஒருநாள் பறந்து செல்லவிருக்கும் வானம் எத்தகையது என்பதே அங்குத் தீர்க்கப்பட வேண்டிய வழக்காகும்.

பாலைவனத்தின் வழக்கு நமக்கு எதற்கு என்று எண்ணற்க. தமிழர் பாலையைத் தொலைவில் உள்ள மணல்வெளியாக மட்டும் கருதவில்லை. மழை பொய்த்துக் காடும் மலையும் தம் வளம் குன்றிய நிலையையே பாலை என்றனர். நம் ஒசூர்ப் பகுதியில் பாலைவனம் இல்லை. ஆனால் முட்புதரும் பாறையும் நிறைந்த வறண்ட காடுகள் உண்டு. பசுமை குறைந்த நிலத்தைக் கண்டால் 'வெறும் தரிசு' என்று கூறிவிடுவது மக்கள் இயல்பு. பாலையையும் புல்வெளியையும் முட்காட்டையும் அழிவுக்கு உள்ளாக்கிய சொல் இதுவே. யாருக்கும் பயன்படாத நிலம் என்று நாம் ஒதுக்குவது, எண்ணற்ற உயிர்களின் இல்லமாக இருத்தல் கூடும்.

ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் பருவத்தில், பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் சவளகிரி, தளி வழியாக நம் மாவட்டத்திற்குள் வருகின்றன. மாநில எல்லையை மனிதன் வரைந்தான். யானை அதனை அறியாது. அது வரும் வழியில் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் தொழிற்கூடமும் குறுக்கிடுகின்றன. பயிரை இழக்கும் உழவரின் துயரமும் சிறிதன்று; சில வேளைகளில் மனித உயிரும் போகின்றது. இத்துயரத்தை எந்தக் காட்சிசாலையும் தீர்க்க இயலாது. ஓரிக்ஸை ஒன்பதிலிருந்து பெருக்கலாம். நெடுந்தொலைவு நடந்து வாழும் யானைக் கூட்டத்தை வேலிக்குள் அடைத்து அதன் வாழ்வைக் காத்தல் ஒண்ணாது. யானைக்கு வேண்டுவது வழி.

இதனை உணர்ந்தே தமிழக அரசு 2014 ஆம் ஆண்டில் காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயத்தையும், 2022 ஆம் ஆண்டில் காவிரி தெற்குக் காட்டுயிர்ச் சரணாலயத்தையும் அறிவித்தது. கர்நாடகத்துக் காடுகளோடு தொடர்பு அறாமல் காக்க இவை உதவுகின்றன. இது போற்றத்தக்க பணி. ஆயினும் சரணாலயத்திற்கு வெளியே உள்ள நிலத்தையும் நாம் மறத்தல் ஆகாது. தொழில் வளர்ச்சியால் ஒசூர் நாடறிந்த நகரமாயிற்று. பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் வாழ்கின்றன. தொழில் வேண்டா என்று கூறுதல் அறிவுடைமை ஆகாது. ஆனால் ஆலைக்கு இடத்தை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கலாம். யானைத் தடத்திற்கு மாற்றிடம் தேடித் தர இயலாது. ஆகவே புதிய சாலையும் ஆலையும் மின்கம்பியும் அமைக்கத் திட்டமிடும்போதே, விலங்குகளின் வழியையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுதல் கடமையாகும். பயிரிழந்த உழவருக்குக் காலந்தாழ்த்தாமல் இழப்பீடு அளித்தலும் அக்கடமையின் பகுதியே. உழவரின் மனம் கசந்தால் காடு நிலைபெறாது.

மாணவர்கள் இனி உயிரியல் பூங்காவிற்குச் செல்லும்போது, விலங்கைக் கண்டு மகிழ்வதோடு நில்லாது, அதன் முன்னே உள்ள பலகையையும் படித்தல் வேண்டும். இவ்விலங்கின் சொந்த நிலம் எது? அந்நிலம் இன்று எவ்வாறு உள்ளது? அங்கு இது திரும்பிச் செல்ல இயலுமா? இம்மூன்று வினாக்களையும் ஆசிரியரிடமும் பூங்காக் காவலரிடமும் கேட்டு அறிதல் நன்று. குதிரைக் காப்பவர் தம் பணியைச் செய்துவருகின்றனர். நிலத்தைக் காக்கும் பணி, அந்நிலத்தில் வாழும் நம்மைச் சார்ந்தது.