சீர்வரிசையில் ஒரு கடல்

என் முன்னாள் மாணவி ஒருத்தி கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தாள். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரி. கையில் இன்னொரு தாளும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எழுதிக் கொடுத்த பட்டியல். கட்டில், பீரோ, பாத்திரம், வண்டி என்று நீண்ட அந்த வரிசையின் கடைசியில் ‘மாலத்தீவு, ஐந்து இரவு’ என்றிருந்தது. தேனிலவும் சீருக்குள் வந்துவிட்டது. செலவு பெண் வீட்டாருடையது. எங்கே போவது என்ற முடிவு மாப்பிள்ளை வீட்டாருடையது.

அவள் புதுச்சேரியில் ஸ்கூபா முக்குளிப்புக் கற்றவள். தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கற்றது. “கடலுக்குள்ள போறதுன்னா எனக்கு உயிரு மேடம். ஆனா போற கடலைக் கெடுக்காத இடமாப் பாத்துப் போகணும். அதைச் சொன்னதுக்கு, கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணு இவ்வளவு பேசுதேங்கிறாங்க” என்றாள்.

இதே கவலையைச் சுற்றுலா நிறுவனம் சொன்னால் அது விளம்பரம். மணப்பெண் சொன்னால் திமிர்.

அந்த விளம்பரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். பசுமைத் தேனிலவு என்கிறார்கள். காகித உறிஞ்சுகுழல் தருகிறார்கள். துண்டைத் தினமும் துவைக்கப் போடாதீர்கள் என்று அட்டை வைக்கிறார்கள். சில விடுதிகளில் இரும்புச் சட்டத்தில் பவளத் துண்டுகளைக் கட்டி, தம்பதியர் பெயரையும் எழுதிக் கடலில் இறக்குகிறார்கள். ஆனால் விடுதிகளுக்காகக் கடலடி மணலைத் தோண்டி நிலம் உயர்த்தும்போது கலங்கி எழும் சேறு, உயிருள்ள பவளத்தின் மேல் படிந்து அதை மூச்சுத்திணற வைக்கிறது. அதை எந்த அட்டையும் சொல்வதில்லை.

பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு உணவும் நிறமும் தருகிறது. கடல் சூடேறினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. வெளுத்து, பட்டினி கிடந்து, சூடு தணியாவிட்டால் சாகிறது. மாலத்தீவின் பவளங்கள் 1998இலும் 2016இலும் பெருமளவில் வெளுத்தன. 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரும் வெளிறல் அறிவிக்கப்பட்டது. இந்தச் சூட்டில் நம் விமான எரிபொருளுக்கும் பங்குண்டு. காகித உறிஞ்சுகுழல் அந்தக் கணக்கை நேர்செய்யாது.

அப்படியானால் போகவே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பெண்களைத் தண்ணீரிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறோம். கறுத்துப்போவாய் என்றோம், தீட்டு என்றோம், நனைந்த உடம்பை நாலு பேர் பார்ப்பார்கள் என்றோம். குளத்தில் இறங்கவிடாமல் வளர்த்த பெண்ணைக் கழுத்தில் தாலி ஏறியதும் நடுக்கடலுக்கு அனுப்புகிறோம். ஒரு மணி நேரப் பயிற்சியில் முதுகில் உருளையைக் கட்டி இறக்கிவிடுகிறார்கள். நீரில் தன் உடலை மிதக்க நிறுத்தத் தெரியாதவள் பதற்றத்தில் எதைப் பிடிப்பாள்? பவளத்தைத்தான். பல ஆண்டுகள் வளர்ந்த கிளை ஒரு பிடியில் முறிகிறது. மகளுக்கு நீச்சல் கற்றுத் தராத வீட்டுக்கும் அந்த முறிவில் பங்குண்டு.

எனவே என் மாணவிக்குச் சில கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். படகு பவளத்தின் மேல் நங்கூரம் போடுகிறதா, நிலையான மிதவையில் கட்டுகிறதா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? மீனுக்குத் தீனி போட விடுகிறார்களா? விடுதியின் கழிவுநீர் எங்கே போகிறது? நுழைவுக் கட்டணம் யார் கைக்குப் போகிறது? பவளத்துக்குக் கேடான வெயில் களிம்புகளைப் பலாவு நாடு 2020இல் தடை செய்தது. வருகிறவர்களின் கடவுச்சீட்டிலேயே உறுதிமொழி ஒன்றைப் பதித்துக் கையெழுத்து வாங்குகிறது. கூட்டம் தாங்காத மாயா விரிகுடாவைத் தாய்லாந்து 2018இல் மூடி, 2022இல்தான் திறந்தது. கேட்டால் பதில் சொல்லக்கூடிய இடங்கள் இருக்கின்றன.

ஆனால் எந்தப் பசுமைப் பட்டியலிலும் இல்லாத கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கடலைக் காப்பதற்காக யாரை வெளியேற்றினார்கள்?

அதைக் கேட்க அவள் விமானம் ஏற வேண்டியதில்லை. அவள் ஊருக்குப் பக்கத்திலேயே மன்னார் வளைகுடா இருக்கிறது. அங்குள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அந்தத் தீவுகளைச் சுற்றித் தலைமுறைகளாகப் பாசி எடுத்துவரும் பெண்கள் பாம்பன் சின்னப்பாலத்திலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இருக்கிறார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் வலைப்பை. காற்றுருளை கிடையாது. மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து மேலே வருகிறார்கள். கல்யாண விருந்தில் நடுங்கும் கடல்பாசி இனிப்புக்கும், ஆய்வுக்கூடத்து அகருக்கும் இத்தகைய பாசிதான் மூலம்.

பூங்கா வந்தபின் இவர்கள் அத்துமீறி நுழைகிறவர்கள் ஆனார்கள். உருளை கட்டிக்கொண்டு முங்குகிறவளுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. வயிற்றுக்காக முங்குகிறவளுக்கு வழக்கு கிடைக்கிறது. பிச்சைமூப்பன்வலசையில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கடலடியைக் காட்ட வனத்துறையின் கண்ணாடிப் படகு போகிறது. படகு ஓடட்டும், அதில் உள்ளூர்க்காரர்களுக்குப் பிழைப்பும் இருக்கிறது. பார்க்க வருகிறவருக்கு ஒரு வழி கண்டுபிடிக்க முடிந்த அரசுக்கு, பறிக்க வருகிறவளோடு உட்கார்ந்து பேச ஏன் முடியவில்லை என்பதே என் கேள்வி.

பாசி பறிப்பதும் கடலுக்குக் கேடுதானே என்பார்கள். அளவு மீறினால் கேடுதான். அது அந்தப் பெண்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மாதத்தில் சில நாட்கள் மட்டும் எடுப்பது, மீன்கள் இனம்பெருக்கும் காலத்தில் நிறுத்துவது, கருவியால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். இவர்களை ஒன்றுதிரட்டிய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுக்கூட்டத்தில் இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்குச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். குருசடைத் தீவின் பவளங்களை மூடிப் படர்ந்தது, வணிகத்துக்காக இந்தக் கடலில் இறக்கப்பட்ட அயல்நாட்டுப் பாசி. இரண்டிலும் லாபம் போன இடம் இந்தப் பெண்களின் வலைப்பை அல்ல.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஆண் கடலுக்குப் போவான், பெண் கரையில் ஏங்குவாள். சின்னப்பாலத்துப் பெண்களுக்கு அப்படிக் கரையில் நின்று ஏங்க நேரம் இருந்ததில்லை. அவர்களை ஏங்க வைத்தது நம் சட்டம்.

மாணவியிடம் இவ்வளவையும் சொன்னேன். முதலில் அந்தக் கடைசி வரியை அடி என்றேன். சீராக வாங்கும் கடலில் நீ விருந்தாளிகூட இல்லை, பொருளோடு வந்த பொருள். உன் காசில், நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த இடத்துக்குப் போ. ஒரு வருடம் கழித்துப் போனாலும் கடல் அங்கேதான் இருக்கும். அதுவரை அவருக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டுப் பார்.

சிரித்தாள். “தெரியாது மேடம். நாந்தான் சொல்லிக் கொடுக்கணும்.”

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வரியை அடிக்கவில்லை. அன்று மாலை மாப்பிள்ளையிடம் நேரில் பேசப்போவதாகச் சொல்லிப் போனாள்.