பணிக்கு வந்தோரும் இல்லத்தாரும்

வீட்டிற்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது தமிழர் வழக்கம். வந்தவர் உறவினராயினும், சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவராயினும், ஒரு செம்புத் தண்ணீரையோ ஒரு குவளை மோரையோ நீட்டாத இல்லம் அரிது. நடுப்பகலில் தேநீர் கொடுப்பதையும் பலர் மறப்பதில்லை. ஆனால், குடித்த நீர் முழுவதும் வியர்வையாகப் போய்விடுவதில்லை. காலை ஒன்பது மணிக்கு வந்து மாலை வரை உழைக்கும் தச்சரும் கொத்தனாரும் அந்நேரத்திற்குள் இரண்டு மூன்று முறையேனும் சிறுநீர் கழித்தாக வேண்டும். அதற்கு அவர்கள் எங்கே செல்வார்கள் என்று எண்ணிப் பார்க்கும் இல்லத்தார் மிகச் சிலரே.

இவ்வாறு எண்ணாமைக்கு ஒரு காரணம் உண்டு. பழைய வீடுகளில் கழிப்பறை வீட்டிற்குள் இருந்ததில்லை. கிணற்றையும் மாட்டுக்கொட்டிலையும் தாண்டிக் கொல்லையின் கடைக்கோடியில் இருந்தது. பல ஊர்களில் அதுவும் இல்லை. தோப்பும் ஆற்றங்கரையுமே எல்லார்க்கும் உதவின. ஆகவே, வேலைக்கு வந்தவர் இல்லத்தாரிடம் இதனைக் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. பின்னர்த் தோப்புகள் வீட்டு மனைகள் ஆயின. கழிப்பறையோ கொல்லையை விட்டு நடைக்கு வந்து, நடையை விட்டுப் படுக்கையறைக்குள்ளேயே புகுந்துவிட்டது. வீட்டின் அமைப்பு மாறிற்று. வந்தவரை நடத்தும் முறை மட்டும் தண்ணீர்ச் செம்போடு நின்றுவிட்டது.

இதனால் அப்பழங்காலத்தை மிகையாகப் புகழ்தலும் பொருந்தாது. கொல்லை வழியே வந்தவர்களுள் பலருக்கு அன்று தலைவாயிலில் இடமில்லை, செம்பும் இல்லை. எட்ட நின்று, குவித்த கைகளில் பிறர் ஊற்றிய நீரையே அவர்கள் பருகினர். 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டில் அதனைக் குற்றமாக்கித் தண்டிக்கும் சட்டமும் வந்தது. பொதுக் கிணறும் உணவு விடுதியும் எல்லார்க்கும் உரியவை ஆயின. வீட்டிற்குள் இருக்கும் ஒரு கதவோ வீட்டாரின் மனத்தால் மட்டுமே திறக்கப்பட வேண்டியது.

“தூய்மை கெட்டுவிடுமே” என்பர் சிலர். அவர்களே தொடர்வண்டியிலும் தங்கும் விடுதியிலும் முன்பின் அறியாதவர் நூறு பேர் பயன்படுத்திய கழிப்பறைக்குள் தயங்காமல் செல்கின்றனர். அங்கே தோன்றாத அருவருப்பு, தம் வீட்டுச் சுவரைக் கட்டியவரிடம் மட்டும் தோன்றுவது ஏன்? அது தூய்மையைப் பற்றிய கவலை அன்று. எட்ட நின்று நீர் ஊற்றிய காலத்தின் எச்சமே அது.

வீட்டு வேலை செய்யும் பெண்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. விடியலில் புறப்பட்டு நான்கைந்து வீடுகளில் பாத்திரம் துலக்கித் தரை துடைத்துவிட்டுப் பிற்பகலில் வீடு திரும்பும் பெண்கள் நகரங்களில் மிகப் பலர். ஆண்மகன் ஒருவன் தெருமுனையில் ஒதுங்கிவிடுகிறான், அதுவும் முறையன்று. பெண்ணுக்கு அவ்வழியும் இல்லை. ஆகவே, அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். நீர் குறைந்த உடலில் சிறுநீரகக் கல் எளிதில் உண்டாகும். நெடுநேரம் அடக்குவதால் சிறுநீர்ப்பாதையில் தொற்றுநோய் வர இடமுண்டு. மாதவிலக்கு நாள்களில் அவள் படும் துன்பத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. இத்தனைக்கும், நாள்தோறும் அவ்வீட்டுக் கழிப்பறையைத் தேய்த்துக் கழுவுபவள் அவளே! கழுவும் கைக்கு நுழைய இடமுண்டு. களைத்த உடலுக்கு இல்லை என்பது என்ன நீதி?

தொழிற்சாலைகளில் கழிப்பறை அமைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. கட்டடத் தொழிலாளர்க்கும் அவ்வசதி வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் சட்டம் கட்டளையிட்டது. ஆயினும், பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் தமக்கென வீடு கட்டும் தனிமனிதரை அச்சட்டம் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை. ஒரு நாள் வந்து குழாயைச் சீர்செய்து செல்பவரைப் பற்றி எந்தச் சட்டத்தை நம்பியிருப்பது? அவருக்கு இல்லத்தாரின் பண்பே துணை.

அப்பண்பு, கேட்ட பின்பு இசைவதில் இல்லை. கேளாமுன் காட்டுவதில் இருக்கிறது. கேட்பது எளிதன்று. கூலியையும் நாளைய வேலையையும் எண்ணி வாய் திறவாதவர் உண்டு. வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால் நாணத்தால் கேளாதவரும் உண்டு. ஆகவே, அவர் கருவிகளை இறக்கி வைக்கும்போதே, “அண்ணா, கழிப்பறை இந்தப் பக்கம் இருக்கிறது, வேண்டும்போது செல்லலாம்” என்று சொல்லிவிடுதல் நன்று. ஒரு வரியில் முடியும் செய்தி. நாள் முழுதும் ஒருவரை வேதனையிலிருந்து காக்கும்.

இல்லத்தில் தனித்திருக்கும் பெண், அயலார் ஒருவர் உள்ளறை வரை வருவதற்கு அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தை எள்ளி நகைத்தல் தகாது. வெளிப்புறக் கழிப்பறை இருப்பின் அதனைக் காட்டலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் கீழ்த்தளத்தில் பொதுக் கழிப்பறை உண்டு, பூட்டும் உண்டு. திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாமற்போவதால் அவ்வறை இருந்தும் பயனில்லை. காவலரிடம் அதனைக் கொடுத்து வைத்தால் பொருளை ஏற்றி வருபவருக்கும் அது பயன்படும்.

பணிக்கு வந்தோர்க்கும் கடமை உண்டு. சாந்தும் சேறும் படிந்த காலை வெளியிலேயே கழுவிவிட்டு உள்ளே செல்ல வேண்டும். போதிய நீர் ஊற்ற வேண்டும். அங்கே நின்று புகை பிடித்தல் கூடாது. இவற்றைப் பெரும்பாலோர் சொல்லாமலே செய்கின்றனர்.

நீர்க்குழாய் வேலை நடக்கும் நாளில் மேல்தொட்டியின் நீரை அடைத்துவிடுவர். அதற்கு முன்பே ஒரு வாளியில் நீரை நிரப்பி, குவளையோடு கழிப்பறையில் வைத்துவிட வேண்டும். இல்லையேல், கதவு திறந்திருந்தும், வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.