சீனாக்காரன் மாதிரி தூக்கணுமாம்!

ஒலிம்பிக்ஸ் முடிஞ்சா போதும், "சீனாக்காரனைப் பாரு, சின்ன வயசுலயே புடிச்சு பழக்குறான்"னு யாராவது ஆரம்பிச்சிடறாங்க. 2024 பாரிஸ்ல பளுதூக்குறதுல மட்டும் 5 தங்கம். ஒத்துக்கறேன். உடம்புவாகு பார்த்துப் பொறுக்கி, விளையாட்டுப் பள்ளி விடுதியில சேர்த்து, மாகாணம், தேசிய அணின்னு சலிச்சு மேல அனுப்புற ஏற்பாடு.

சல்லடையில கீழ விழுந்த புள்ளைங்க? அதை விடுங்க, ஜெயிச்சவங்களையே பார்ப்போம். ஸோ சுன்லான், தேசிய சாம்பியன். சாங்சுன் நகரத்துல பொதுக் குளியல் கூடத்துல அடுத்தவங்களுக்கு முதுகு தேய்ச்சுப் பொழைக்கிறாங்கன்னு 2006-ல செய்தி வந்துச்சு. படிப்பு மூணாங்கிளாஸ் அளவுதான். பயிற்சியாளர் கொடுத்த மாத்திரையால மீசை முளைச்சுதுன்னு அவங்களே சொன்னாங்க. 1990 ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கின சாய் லி, பின்னாடி காவல்காரர் வேலை பார்த்தவர், 2003-ல 33 வயசுல நிமோனியாவுல போயிட்டார். பெய்ஜிங் 2008-ல ஜெயிச்ச மூணு பெண்களோட தங்கத்தை ஊக்கமருந்துக்காக 2017-ல புடுங்கிட்டாங்க.

பயிற்சியை நான் குறை சொல்லலீங்க. பள்ளிக்கூடத்தைப் பேருக்கு வச்சுக்கிட்டு, தோள்பட்டை தேய்ஞ்சதும் "போயிட்டு வா"ங்கிறாங்களே, அதைத்தான்! விளையாட்டு வீரர்களோட படிப்புக்கும் பிற்கால வாழ்க்கைக்கும் வழி பண்ணச் சொல்லி 2010-ல சீன அரசாங்கமே சுற்றறிக்கை விட்டுச்சு. எல்லாம் ஒழுங்கா நடந்திருந்தா அது எதுக்குங்க?